சினைப்படாத பசுக்களும் ஓமோன் சிகிச்சையும்

நெல்வயலும் மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரர் பலரின் வீடுகளில் ஒன்றிரண்டு பாற்பசுக்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாலும், தோட்டத்துக்கு எருவும், கையில் நாளாந்தம் சிறு வருமானமும் பசுவினாற் கிடைக்கின்றன. நெல் விளைந்து பணமாகும் வரையும் குடும்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் இவ்வருமானமேயாகும். ஆயினும் பசு கன்று ஈன்றாலன்றிப் பால் தராது. கன்று ஈனாத பசு தீனியைத் தின்று கொட்டிலில் நிற்கும். கமக்காரருக்கு நட்டத்தையே கொடுக்கும்.

இவ்வாறு நிற்கும் பசுவை மலடு என்று முடிவுகட்டிக் குறைந்த விலைக்கு இறைச்சிக்கு விற்றுவிடுவோர் உளர். மலடு எனப்பட்ட பசுக்களுட் பல உண்மையில் மலடல்ல. சிலவற்றின் சூலகம் தற்காலிகமாகத் தொழிற்படாது இருக்கும். சிலவற்றில் வேட்கை தோன்றியும் உரிமையாளர் கண்ணிற் படாது போயிருக்கும். இன்னுஞ் சில ஏற்கெனவே சினையாகவும் இருக்கக்கூடும். எது எவ்வகை என அறிந்து ஏற்ற பரிகாரம் செய்யின், விற்கப்படவிருந்த பசு மீண்டும் கன்று ஈன்று பால் தரும். அப்பரிகாரங்களுள் ஒன்றான ஓமோன் சிகிச்சையைப் பற்றியும், அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதைப் பற்றியும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

காலக் கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்களாகும். ஆண்டுக்கு ஒரு கன்று கிடைக்க வேண்டுமாயின், 365 நாட்களில் 280ஐக் கழிக்க எஞ்சும் 85 நாட்களுக்குள் பசு மீண்டும் சினைப்படுதல் வேண்டும். ஈன்றபின் கருப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைவதற்கு முதல் 40 அல்லது 45 நாட்கள் செல்லும். எனவே சினைப்படுத்துவதற்கு எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 40 நாட்களே. பசு 21 நாட்களுக்கு ஒரு முறையே வேட்கைக்கு வருவதால், இந்த 40 நாட்களிற் கமக்காரருக்குக் கிடைப்பவை இரண்டு தருணங்கள் மாத்திரமே.

ஒரு தருணம் தவறின் 21 நாட்கள் வீணாகும்; மூன்று தவறின் 63 நாட்கள், அதாவது இரண்டு மாதங்களுக்கு மேல் வீணாகும். அவ்விரண்டு மாதங்களிலும் பசு தின்ற தீனிக்கு ஈடாக யாதும் கிடையாது. ஆண்டுதோறும் ஒரு கன்று என்பது எல்லாப் பசுக்களிடத்தும் எய்தக்கூடியதன்று. எனினும் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே 13 அல்லது 14 மாதங்களுக்கு மேற் செல்லாதவாறு பார்த்துக்கொள்வது விரும்பத்தக்கது.

சூலகத்தின் தொழில்

பசுவின் வயிற்றினுள்ளே கருப்பையின் இருபுறத்திலும் ஒவ்வொன்றாக இரண்டு சூலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பாதாங்கொட்டையின் அளவினது. சூலகத்திலே நீர் நிறைந்த சிறு கொப்புளங்கள் வளர்கின்றன. இவற்றைப் புடைப்புக்கள் என்பர். ஒவ்வொரு புடைப்பினுள்ளும் ஒரு முட்டை உண்டு. பல புடைப்புக்கள் ஒருங்கே வளரத் தொடங்கினாலும் வழக்கமாக ஒன்றே முதிர்ந்து வெடிக்கும். ஏனையவை சுருங்கி மறையும்.

இத்தொழிலை நடத்துவன ஓமோன்கள். ஓமோன் என்பது உடலின் ஓரிடத்திற் சுரந்து, குருதியோடு கலந்து சென்று, வேறோர் இடத்தில் வேலை செய்யும் பொருளாகும். மிகச் சிறிய அளவே பெரிய விளைவைத் தரும். வாய்க்காலின் மடையைத் திறப்பவர் வயலில் நீர் பாயும் இடத்தில் நிற்பதில்லை. தூரத்தில் நின்றே திறக்கின்றார். ஓமோனின் தொழிலும் அத்தகையதே.

மூளையின் அடிப்பாகத்திலிருந்து விடுவிக்கும் ஓமோன் எனப்படுவது புறப்பட்டு அதன் கீழே உள்ள கபச்சுரப்பியை ஏவுகின்றது. கபச்சுரப்பி இரண்டு ஓமோன்களைக் குருதியிற் கலக்கின்றது. ஒன்று புடைப்பை வளர்ப்பது. மற்றையது முதிர்ந்த புடைப்பை வெடிக்கச் செய்வது. வளரும் புடைப்பிலிருந்து ஈசுத்திரசன் என்னும் ஓமோன் சுரக்கின்றது. பசுவை வேட்கைக்குக் கொண்டுவருவது இதுவே.

புடைப்பு வெடித்து முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் ஒரு திரட்சி உண்டாகின்றது. இதிலிருந்து புரோசெத்தரோன் என்னும் ஓமோன் சுரக்கின்றது. இது கருப்பையைக் கருவைத் தாங்குவதற்கு ஆயத்தப்படுத்துவதோடு, புதிய வேட்கை தோன்றாதவாறும் தடுக்கின்றது. பசு சினைப்பட்டிருந்தால் மஞ்சட் சடலம் நிலைத்து நின்று கருவைக் காக்கும். சினைப்படாதிருந்தால், 16ஆம் அல்லது 17ஆம் நாளளவிற் கருப்பையிலிருந்து புரொத்தாகிளாந்தின் என்னும் பொருள் சுரந்து சென்று மஞ்சட் சடலத்தைக் கரைத்துவிடும். தடை நீங்கியதும் புதிய புடைப்பு முதிர்ந்து, பசு 21ஆம் நாளளவில் மீண்டும் வேட்கைக்கு வரும்.

ஓமோன் சிகிச்சை முழுவதற்கும் இவ்வொழுங்கே அடிப்படை. மருந்தாகக் கொடுக்கப்படுபவை புதுமையான பொருள்களல்ல. பசுவின் உடலே சுரக்கும் பொருள்கள், அல்லது அவற்றை ஒத்தவை. உடல் தவறவிட்ட ஏவலை வெளியிலிருந்து கொடுப்பதே இச்சிகிச்சை.

வேட்கையின் அடையாளங்கள்

சிகிச்சை வேண்டுமா என ஆராயுமுன், வேட்கை உண்மையில் வரவில்லையா அல்லது காணப்படவில்லையா என்பதைத் துணிதல் வேண்டும். வேட்கைக்கு வந்த பசுவிடம் பின்வரும் அடையாளங்களைக் காணலாம்:

1. வேறு மாடு தன்மீது ஏறும்போது விலகாது நிற்றல். இதுவே உறுதியான அடையாளம்.
2. அமைதியின்றி உலாவுதல், கத்துதல், மற்றைய மாடுகள்மீது ஏறுதல்.
3. யோனித் துவாரம் சற்று வீங்கிச் சிவந்திருத்தல்.
4. முட்டையின் வெண்கருவைப் போன்ற தெளிந்த சளி நீண்ட நூலாக ஒழுகுதல், அல்லது வாலிலும் பின்புறத்திலும் ஒட்டிக் காய்ந்திருத்தல்.
5. தீனியிற் கவனங் குறைதலும், பால் சற்றுக் குறைதலும்.

வேட்கை ஏறக்குறைய 12 முதல் 18 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். சிந்தி, சாகிவால் முதலிய இனங்களிலும் உள்ளூர் மாடுகளிலும் இது மேலுங் குறுகியதாகவும், பெரும்பாலும் இரவில் நிகழ்வதாகவும் இருக்கும். ஆதலால் விடியற்காலையில் ஒரு முறையும், பொழுது சாயும் வேளையில் ஒரு முறையும், படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு முறையும் கொட்டிலுக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்களாவது பசுவைக் கவனித்தல் வேண்டும். கட்டையிற் கட்டப்பட்டுத் தனியே நிற்கும் பசு வேறு மாட்டின்மீது ஏற வழியில்லை. அத்தகைய பசுவிடம் சளியும் கத்தலுமே அடையாளங்களாம்.

முட்டை வெளிப்படுவது வேட்கை அடங்கி 10 முதல் 14 மணித்தியாலங்களின் பின்னரேயாகும். வெளிப்பட்ட முட்டை சில மணித்தியாலங்களே உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே காலையில் வேட்கை கண்ட பசுவை அன்று மாலையிலும், மாலையிற் கண்ட பசுவை மறுநாட் காலையிலும் செயற்கைமுறையிற் சினைப்படுத்துவித்தல் நன்று.

வேட்கை கழிந்து இரண்டொரு நாளிற் சில பசுக்களின் வாலிற் சிறிது குருதி காணப்படும். பசு சினைப்பட்டதற்கோ படாததற்கோ இது அடையாளமன்று. வேட்கை கழிந்துவிட்டது என்பதற்கே அடையாளம். தவறவிட்டவர் அத்திகதியைக் குறித்துவைத்து, 17ஆம் நாளிலிருந்து பசுவை விழிப்புடன் கவனிப்பாராயின் அடுத்த தருணத்தைத் தவறவிடமாட்டார்.

சூலகத்திற் காணப்படும் கோளாறுகள்

அ. தொழிற்படாத சூலகம்: ஈன்றபின் மாதங்கள் பல சென்றும் பசு வேட்கைக்கு வராது. மிருக வைத்தியர் குதவழியாகக் கையைச் செலுத்திச் சோதிக்கும்போது சூலகங்கள் சிறுத்து, புடைப்போ மஞ்சட் சடலமோ இன்றி வழுவழுப்பாகக் காணப்படும். மெலிந்த பசுக்களிலும், நாள் முழுவதும் கன்று ஊட்டும் பசுக்களிலும், தீனி குறைந்த வரட்சிக் காலத்திலும் இது மிகுதி.

ஆ. அடையாளமற்ற வேட்கை: சூலகம் ஒழுங்காகத் தொழிற்படும், முட்டையும் வெளிப்படும், வெளி அடையாளங்கள் மாத்திரம் தெளிவாயிரா. ஈன்றபின் தோன்றும் முதல் வேட்கை பெரும்பாலும் இத்தகையதே.

இ. நிலைத்த மஞ்சட் சடலம்: கருப்பையிற் சீழ் தங்கியிருந்தால் அது மஞ்சட் சடலத்தைக் கரைக்கும் பொருளைச் சரிவரச் சுரக்காது. மஞ்சட் சடலம் கரையாது நிற்கும்; வேட்கையும் தடைப்படும். இளங்கொடி விழாது தங்கிய பசுக்களிலும், கடினமாக ஈன்ற பசுக்களிலும் இது நேரக்கூடும்.

ஈ. சூலக நீர்க்கட்டி: முதிர்ந்த புடைப்பு வெடியாது மேலும் பருத்து நிற்பதே நீர்க்கட்டி. ஏறக்குறைய 2.5 சதம மீற்றருக்கு மேற்பட்டு, மஞ்சட் சடலமின்றிப் பத்து நாட்களுக்கு மேல் நிலைப்பதை நீர்க்கட்டி எனக் கொள்வர். மெல்லிய சுவருடைய கட்டியாயின், பசு ஒழுங்கின்றி அடிக்கடி வேட்கை காட்டலாம். நாட்பட்டால் காளையைப்போற் கத்தி மற்ற மாடுகள்மீது ஏறித்திரியும். வாலடி உயர்ந்து தோன்றும். தடித்த சுவருடைய கட்டியாயின், வேட்கையே தோன்றாது.

உ. முட்டை பிந்தி வெளிப்படல்: பசு 21 நாட்களுக்கு ஒரு முறை ஒழுங்காக வேட்கைக்கு வரும், மூன்று முறைக்கு மேற் சினைப்படுத்தியும் சினை நிற்காது. இதற்குக் காரணங்கள் பல. புடைப்பு உரிய நேரத்தில் வெடியாமை அவற்றுள் ஒன்று.

ஓமோன்கள் மருந்தான வரலாறு

மஞ்சட் சடலத்தின் சாறு சினையைக் காக்க வல்லது என்பதை அமெரிக்காவில் ஜோர்ஜ் கோணர், வில்லாட் அலன் ஆகிய இருவரும் 1929ஆம் ஆண்டில் நிறுவினர். 1930ஆம் ஆண்டில் சினைக் குதிரையின் குருதியிற் சூலகத்தைத் தூண்டும் ஓமோன் உண்டென்பது கோல், ஹாட் என்போராற் கண்டறியப்பட்டது. புரொத்தாகிளாந்தினுக்கு அப்பெயரை இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் வொன் ஒயிலர். அஃது 1935ஆம் ஆண்டில். கருப்பையிலிருந்து சென்று மஞ்சட் சடலத்தைக் கரைப்பது புரொத்தாகிளாந்தினே என்பது 1972ஆம் ஆண்டிற் செம்மறியாடுகளில் நடத்திய பரிசோதனைகளால் வலியுறுத்தப்பட்டது. மூளையிலிருந்து வரும் விடுவிக்கும் ஓமோனின் அமைப்பு 1971ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்காக உழைத்த ஷலி, கில்மன் ஆகிய இருவரும் 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபெற் பரிசைப் பெற்றோருள் அடங்குவர்.

இவ்வறிவு யாவும் திரண்டதன் பயனாக, 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒரு முறையை வெளியிட்டனர். வேட்கையைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையின்றி, குறித்த நேரத்திற் பசுவைச் சினைப்படுத்த அதனால் இயலும்.

சிகிச்சை முறைகள்

1. புரொத்தாகிளாந்தின் ஊசி: மஞ்சட் சடலம் உள்ள, சினையில்லாப் பசுவுக்கு இது ஏற்றது. ஊசியிட்டபின் மஞ்சட் சடலம் கரைந்து, 2 முதல் 5 நாட்களுள் வேட்கை தோன்றும். வேட்கை கழிந்த முதல் ஐந்து நாட்களில் மஞ்சட் சடலம் இளமையாயிருப்பதால் ஊசி பலன் தராது. மஞ்சட் சடலமே இல்லாத பசுவுக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. இக்காரணத்தாற் சில வேளைகளில் 11 முதல் 14 நாட்கள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் இடப்படும். கருப்பையிற் சீழ் தங்கிய பசுவுக்கும் இவ்வூசி பயன்படும். மஞ்சட் சடலம் கரைய, கருப்பையின் வாய் திறந்து சீழ் வெளியேறும்.

2. விடுவிக்கும் ஓமோன் ஊசி: கபச்சுரப்பியை ஏவிப் புடைப்பை வெடிக்கச் செய்வது இது. மெல்லிய சுவருடைய நீர்க்கட்டிக்கு இதுவே பெரிதும் கையாளப்படுகின்றது. கட்டியின் சுவர் மஞ்சட் சடலத்தின் தன்மையை அடையும், அல்லது வேறொரு புடைப்பு வெடித்துப் புதிய மஞ்சட் சடலம் தோன்றும். ஏழு முதல் பத்து நாட்களின் பின் புரொத்தாகிளாந்தின் இட, பசு வேட்கைக்கு வரும். தடித்த சுவருடைய கட்டிக்கு முதலிலேயே புரொத்தாகிளாந்தின் இடலாம். முன்னாளிற் கையால் நசுக்கிக் கட்டியை உடைக்கும் வழக்கம் இருந்தது. அதனாற் குருதி கசிந்து சூலகம் அயல் உறுப்புக்களோடு ஒட்டிக்கொள்ளக்கூடும் ஆதலின் அது தவிர்க்கத்தக்கது.

3. புரோசெத்தரோன் கருவி: புரோசெத்தரோன் ஊட்டப்பட்ட இறப்பராலான சிறு கருவியைப் பசுவின் யோனியினுள் வைத்து, 7 முதல் 9 நாட்களின் பின் எடுப்பர். வைத்திருக்கும் நாட்களில் ஓமோன் சிறிது சிறிதாகக் கசிந்து, மஞ்சட் சடலம் இருப்பது போன்ற நிலையை உண்டாக்கும். எடுத்ததும் தடை நீங்கி இரண்டு முதல் நான்கு நாட்களுள் வேட்கை தோன்றும். எடுக்கும் வேளையில் அல்லது அதற்கு முந்திய நாளிற் புரொத்தாகிளாந்தினும் இடுவர். சூலகம் தொழிற்படாத பசுவுக்குச் சில வேளைகளிற் குதிரைக் குருதியிலிருந்து பெற்ற ஓமோனும் எடுக்கும் நாளிற் கொடுக்கப்படும்.

4. குறித்த நேரச் சினைப்படுத்தல்: முதல் நாள் விடுவிக்கும் ஓமோன், ஏழு நாட்களின் பின் புரொத்தாகிளாந்தின், அதன்பின் ஏறக்குறைய இரண்டு நாட்கள் கழிய மீண்டும் விடுவிக்கும் ஓமோன், அதிலிருந்து 16 முதல் 20 மணித்தியாலங்களிற் சினைப்படுத்தல். மேற்கூறிய 1995ஆம் ஆண்டின் முறை இதுவே. முதலூசி புதிய புடைப்பொன்றை வளரத் தொடங்கச் செய்கின்றது. இரண்டாவது தடையை நீக்குகின்றது. மூன்றாவது முட்டை வெளிப்படும் நேரத்தை ஒழுங்குபடுத்துகின்றது. வேட்கை கண்ணிற் படாத பசுவுக்கு இம்முறை ஏற்றது. ஊசிகளின் நாளும் நேரமும் பிசகாது பேணப்படாவிடிற் செலவு முழுவதும் வீணாகும்.

எம்முறையிலும் எல்லாப் பசுக்களும் ஒரே தடவையிற் சினைப்படுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு முதல் அரைவாசி வரை சினைப்படின் அது நல்ல பலனெனவே கொள்ளப்படும்.

ஒரே முறைப்பாடு, மூன்று பரிகாரங்கள்

அயலவர் மூவரிடம் ஒவ்வொரு பசு உண்டெனக் கொள்வோம். மூவரின் முறைப்பாடும் ஒன்றே: ஈன்று ஆறு ஏழு மாதங்களாகியும் பசு வேட்கைக்கு வரவில்லை. மூவரும் கேட்பதும் ஒன்றே: வேட்கை வருவதற்கு ஓர் ஊசி. மிருக வைத்தியர் ஒவ்வொன்றையும் சோதிக்கின்றார்.

முதற் பசுவின் விலாவென்புகள் தோன்றுகின்றன. சூலகங்கள் சிறுத்து வழுவழுப்பாக உள்ளன. அதில் மஞ்சட் சடலம் இல்லை. ஆதலாற் கேட்ட ஊசி இதற்குப் பயன்படாது. இரண்டு மாதங்கள் தீனியை உயர்த்தி, கன்று ஊட்டுவதை ஒழுங்குபடுத்தி, உடல் தேறியபின் புரோசெத்தரோன் கருவி வைத்தல் தகும்.

இரண்டாம் பசுவின் சூலகத்தில் நன்கு முதிர்ந்த மஞ்சட் சடலம் உண்டு. கருப்பையிற் கரு இல்லை. வேட்கை வந்து வந்து காணப்படாது கழிந்திருக்கின்றது. கேட்ட ஊசி இதற்கே பொருந்தும்.

மூன்றாம் பசு கொழுத்து மினுமினுப்பாக நிற்கின்றது. இதிலும் மஞ்சட் சடலம் உண்டு, கருப்பையோ பருத்திருக்கின்றது. பெரும்போக அறுவடையின் பின் வயலில் மேய்ந்த வேளையில் அலைகாளை ஒன்றினாற் சினைப்பட்டு மூன்று மாதங்களாகின்றன. உரிமையாளர் அதனை அறியார். கேட்ட ஊசியை இட்டிருந்தாற் சில நாட்களிற் கரு சிதைந்திருக்கும். கன்றும் இல்லை, பாலும் இல்லை, கருப்பையும் நோயுற்றிருக்கக்கூடும்.

ஆகவே சோதனையின்றி ஓமோன் ஊசி இடுவித்தல் ஒருபோதும் ஆகாது. சினையில்லை என்று உறுதியாக அறிந்த பின்னரே புரொத்தாகிளாந்தின் இடத்தக்கது.

எச்சரிக்கைகள்

அயலவர் வீட்டிற் பயன்பட்ட மருந்து எனக் கேட்டு வாங்கித் தாமே ஊசியிட முயலுதல் கூடாது. மருந்தும் அளவும் நாளும் சூலகத்தின் நிலையைப் பொறுத்தன.

புரொத்தாகிளாந்தின் மனிதரின் தோலினூடாகவும் உட்செல்லும். கர்ப்பிணிகளும் ஈளை நோயுடையோரும் அம்மருந்துக் குப்பியையோ ஊசியையோ தொடுதலாகாது. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும், ஈளை நோயுடையோருக்கு மூச்சடைப்பும் ஏற்படலாம். தோலிற் சிந்தினால் உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. வெறுங் குப்பிகளையும் ஊசிகளையும் பிள்ளைகள் கையில் அகப்படாதவாறு அகற்றுக. புரோசெத்தரோன் கருவியைக் கையுறையின்றித் தொடலாகாது.

ஈசுத்திரசன் ஊசி இட்டாற் பசு வேட்கை அடையாளம் காட்டும். ஆனால் முட்டை வெளிப்படுமென்பது நிச்சயமில்லை. அடையாளத்தை நம்பிச் சினைப்படுத்தியவர் ஏமாற நேரிடும். பசு கத்துவது நோக்கமன்று, சினைப்படுவதே நோக்கம்.

சிகிச்சை பெற்ற பசுவின் பாலையும் இறைச்சியையும் பற்றி மருந்துறையிற் குறித்திருக்கும் விதியை மிருக வைத்தியரிடம் கேட்டறிந்து ஒழுகுக.

ஓமோனாற் பயனில்லாத இடங்கள்

ஆண் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த பசுக்கன்று பெரும்பாலும் பிறவி மலடாகும். தாயின் வயிற்றிலேயே அதன் உறுப்புக்கள் சரிவர வளராது நின்றுவிடும். இரட்டையாகப் பிறந்த நாகை வளர்ப்பதற்குமுன் சோதிப்பித்தல் நன்று.

கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய்கள் ஓமோனால் நீங்கா. சினைப் பசு இடைநடுவிற் கருவைச் சிதைக்குமாயின் மிருக வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். சிதைந்த கருவையும் இளங்கொடியையும் வெறுங் கையாற் தொடலாகாது. புரூசெல்லா நோய் மனிதரையும் பற்றும். அத்தகைய இளங்கொடியை வழக்கப்படி மரத்திற் கட்டித் தொங்கவிடாது ஆழப் புதைத்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பசியை ஊசி நீக்காது. மெலிந்த பசுவின் உடல் முதலில் உயிரைக் காக்கும். பின்னர் பாலைக் கொடுக்கும். சினைப்படுதல் இறுதியிலேயே வரும். எருவற்ற நிலத்தில் விதைத்த நல்விதை எவ்வாறோ, தீனியற்ற பசுவுக்கு இட்ட ஓமோனும் அவ்வாறே.

தீனியும் பராமரிப்பும்

நெற்செய்கையாளரிடம் வைக்கோல் உண்டு. வைக்கோலில் மாத்திரம் வாழும் பசுவுக்குப் புரதமும் பொசுபரசும் போதா. வைக்கோலோடு கிளிரிசீடியா, இப்பிலிப்பில் முதலிய குழைகளையும் பசும்புல்லையும் சேர்த்துக் கொடுக்க. தவிட்டிற் பொசுபரசு மிகுதி. தேங்காய்ப் புண்ணாக்கிற் புரதம் உண்டு. கறியுப்பும் கனியுப்புக் கலவையும் நாள்தோறும் கிடைக்கச் செய்க. தோட்டத்திற் கழிக்கப்படும் மரக்கறி இலைகளையும் கொடுக்கலாம். ஆனால் பூச்சிநாசினி தெளித்த இலைகளைக் கொடுத்தலாகாது.

பசும்புல் அருகும் வரட்சிக் காலத்துக்கென வைக்கோலைப் பதப்படுத்தி வைக்கலாம். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, படை படையாகப் பரப்பிய வைக்கோலின்மீது தெளித்து, நன்கு மிதித்து, காற்றுப் புகாவண்ணம் மூடி இரண்டு முதல் மூன்று கிழமைகள் வைக்க. எடுத்தபின் சிறிது நேரம் காற்றில் ஆறவிட்டுக் கொடுக்க. யூரியாக் கரைசலை மாடு குடிக்க நேரின் இறந்துவிடும். ஆதலால் அதனைத் திறந்து வைக்கலாகாது.

கன்று ஓயாது ஊட்டுவதும் சூலகத்தை அடக்கும். கபச்சுரப்பி புடைப்பை வெடிக்கச் செய்யும் ஓமோனைச் சுரக்காதபடி அது தடுக்கின்றது. கன்றைத் தனியே கட்டி, காலையும் மாலையும் மாத்திரம் ஊட்ட விடுதல் பசு விரைவில் வேட்கைக்கு வர உதவும். ஆயினும் கன்றைப் பட்டினியிடலாகாது. அதற்குரிய பாலும் நீரும் இளம்புல்லும் கிடைத்தல் வேண்டும்.

ஈன்று 24 மணித்தியாலங்களுள் இளங்கொடி விழாவிட்டாற் பாரங்கட்டி இழுக்காது மிருக வைத்தியரை அழைப்பிக்க. அப்பொழுது கருப்பையைக் காத்தால், பின்னர் ஓமோனுக்குச் செலவிட வேண்டியிராது.

குறிப்புப் புத்தகம்

ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பின்வருவனவற்றை எழுதிவைக்க:

1. கன்று ஈன்ற திகதியும் இளங்கொடி விழுந்த நேரமும்.
2. வேட்கை கண்ட ஒவ்வொரு திகதியும், காலையா மாலையா என்பதும்.
3. சினைப்படுத்திய திகதி.
4. சினைச் சோதனையின் திகதியும் முடிவும்.
5. இட்ட ஊசியின் பெயரும் திகதியும்.

ஈன்று 60 நாட்களாகியும் வேட்கை காணாத பசுவையும், மூன்று முறை சினைப்படுத்தியும் சினை நில்லாத பசுவையும், ஒழுங்கின்றி அடிக்கடி வேட்கை காட்டும் பசுவையும், சினைப்படுத்தி இரண்டு மாதங்களான ஒவ்வொரு பசுவையும் மிருக வைத்தியரிடம் சோதிப்பிக்க. அவ்வேளையில் இப்புத்தகத்தையும் காட்டுக. கையாற் தடவி அறிய முடியாத பலவற்றை இத்திகதிகள் அறிவிக்கும்.

முடிவு

சூலகக் கோளாறுகளுட் பல தீர்க்கத்தக்கன. அவற்றைத் தீர்க்கும் ஓமோன்களும் இன்று உண்டு. ஆனால் அவை தீனிக்கும் கவனிப்புக்கும் பதிலாகா. அவற்றோடு சேர்ந்தே பயன் தருவன. ஆகவே பசு கன்று ஈனவில்லை எனக் கண்ட கமக்காரர் முதலிற் தீனித் தொட்டியையும், பின்னர் குறிப்புப் புத்தகத்தையும் பார்த்தல் வேண்டும். அதன்பின் மிருக வைத்தியரை நாடல் வேண்டும். இம்மூன்றையும் செய்யாது பசுவை மலடென்று விற்பவர், நல்ல பசுவையும் சில வேளைகளில் அதன் வயிற்றிலுள்ள கன்றையும் சேர்த்தே விற்கின்றார்.